மூன்றாவது கூடைதான் கையைக் காத்தது

போன செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் என் சிங்கிள்ஸ்டிக் இரண்டு மணி நேரம் அடி வாங்கியது. கம்பு முறியவில்லை, கூடை பிரியவில்லை, விரல் முட்டியில் ஒரு சிவப்புத் தழும்புகூட இல்லை. பிப்ரவரியில் தொடங்கிய வேலை செப்டம்பரில்தான் முடிந்திருக்கிறது. நடுவில் ஒரு கம்பு முறிந்தது, ஒரு தோல் கூடை வீணாய்ப் போனது, ஒரு பிரம்புக் கூடையைப் பின்னி முடித்த பிறகு அவிழ்த்துப் போட்டேன். அளவும் செலவும் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

சிங்கிள்ஸ்டிக் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடலாம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சேபர் வாள் பழகுகிறவர்கள் இரும்பு வாளுக்குப் பதில் கையில் எடுத்தது இதைத்தான். விரல் பருமனைவிடச் சற்றுத் தடித்த ஆஷ் மரக் கம்பு. பிடியில் கையை மூடும்படி ஒரு கூடை, பிரம்பிலோ தோலிலோ. படைமுகாம், கப்பற்படை, உடற்பயிற்சிக் கூடம் என்று எல்லா இடத்திலும் இது இருந்தது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஒரு போட்டியாகவே நடந்தது. கிராமத்துத் திருவிழாக்களில் இதன் மூத்த வடிவம் ஒன்று உண்டு. இடது கையைத் தொடையோடு பட்டியால் கட்டிக்கொண்டு, எதிராளியின் தலையில் முதலில் ரத்தம் வரவைப்பவன் ஜெயிப்பான். அந்த ஆட்டத்தின் கம்பு சாதாரண சிங்கிள்ஸ்டிக்கைவிடக் கனம், நீளம் கொஞ்சம் குறைவு, கூடை பெரிது என்று 1857-இல் நாவலாசிரியர் தாமஸ் ஹியூஸ் எழுதியிருக்கிறார். எனக்கு வேண்டியது கிராமத்துக் கம்பு அல்ல, உடற்பயிற்சிக் கூடத்துக் கம்பு. நான் இங்கே இங்கிலாந்தில் பழகுவது கேப்டன் ஆல்ஃபிரட் ஹட்டன் 1889-இல் எழுதி வைத்த சேபர் முறை. குழுவில் பலர் பிளாஸ்டிக் கம்பு வைத்திருக்கிறார்கள். அது மோதும்போது கைக்கு வரும் அதிர்வும், தடுத்தபின் துள்ளி விலகும் விதமும் ஆஷ் மாதிரி இல்லை. ஹட்டனின் ஆட்கள் கையில் உணர்ந்ததை நானும் உணர வேண்டும் என்று ஆசை.

நீளத்தை முடிவு செய்வது சுலபமாக இருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரியின் வாளில் அலகு 32½ அங்குலம், அதாவது 82.5 செ.மீ. கூடைக்கு வெளியே அவ்வளவு கம்பு தெரிய வேண்டும். உள்ளே கைக்கும் கூடையின் இரு முனைக்குமாக 14.5 செ.மீ. மொத்தம் 97.

முதல் தவறு கம்பிலேயே நடந்தது. கடையில் 19 மி.மீ. விட்டத்தில் ஆஷ் மர உருளை விற்கிறார்கள். 9 பவுண்டுக்கு ஒன்று வாங்கி, 97 செ.மீ.க்கு அறுத்து, முனையை உருட்டி, எண்ணெய் பூசினேன். ஒரு மணி நேர வேலை, 190 கிராம் எடை. பார்க்க அழகாகவே இருந்தது. நான்காவது வாரம், தலைக்கு வந்த ஒரு சாதாரண வெட்டைத் தடுத்தபோது நுனியிலிருந்து 30 செ.மீ.இல் முறிந்தது. முறிந்த விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. குறுக்கே உடையாமல் சாய்வாகக் கிழிந்து, 14 செ.மீ. நீளத்துக்கு ஈட்டி முனை மாதிரி ஒரு சிம்பு நின்றது. மேல்துண்டு பறந்துபோய் எதிரில் நின்ற நண்பரின் முகமூடிக் கம்பி வலையில் பட்டு விழுந்தது. வலை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அந்தத் துண்டை வெயிலில் வைத்து நார் ஓடும் திசையைப் பார்த்தேன். மெல்லிய பழுப்புக் கோடுகள் கம்போடு நேராக ஓடவில்லை. ஒரு பக்கம் தொடங்கி, சாய்ந்து, ஒரு ஜாண் தூரத்துக்குள் மறுபக்கம் வெளியேறிவிட்டன. இயந்திரத்துக்கு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. நேராக அறுத்து உருட்டித் தள்ளிவிடும். அந்தச் சாய்விலேயேதான் முறிவும் நடந்திருக்கிறது. பக்கத்து ஊரில் பச்சை மரத்தில் நாற்காலி செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "இது அறுத்த மரம். அடி வாங்கும் கம்புக்குப் பிளந்த மரம் வேண்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதி மாதங்கள் எல்லாம் அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் ஓடின.

ஆஷ் கிடைப்பது இப்போது கஷ்டமில்லை. அதற்கான காரணம்தான் வருத்தமானது. 2012-இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து காயவைத்துக் கொன்றுகொண்டு வருகிறது. சாலையோரத்தில் அவற்றை வெட்டிச் சாய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டுகிற ஆட்களிடம் கேட்டு, 16 செ.மீ. விட்டமுள்ள ஓர் இளம் மரத்தின் தண்டில் 115 செ.மீ. துண்டு ஒன்றை 10 பவுண்டு கொடுத்து வாங்கினேன். நோய் முற்றிய மரம் மொறுமொறு என்று உடையும், அதனால் இரு முனையையும் புதிதாக அறுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். பழுப்புக் கறை இல்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும். கணு ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. கிளையை வாங்க வேண்டாம். கிளை ஒரு பக்கம் இழுவிசையில் வளர்ந்திருக்கும், காய்ந்தால் வளையும்.

பிளப்பதற்குப் பெரியவரே தன் ஃப்ரோவைக் கடன் கொடுத்தார். நீண்ட தட்டையான இரும்பு அலகு, அதற்குச் செங்குத்தாக ஒரு மரப்பிடி. அலகைத் துண்டின் தலைமேல் வைத்து மரக்கட்டையால் அடித்து இறக்கி, பிடியை நெம்பினால் மரம் தானே வாய் திறக்கிறது. முதலில் இரண்டாக, பிறகு நான்காக, பிறகு எட்டாக. எப்போதும் பாதி பாதியாகவே பிளக்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய சிம்பை மட்டும் உரிக்கப் பார்த்தால் பிளவு அந்தப் பக்கமே ஓடி வெளியேறிவிடும். மூன்றாவது பிளவில் அப்படித்தான் விலக ஆரம்பித்தது. பெரியவர் நிறுத்தச் சொல்லி, துண்டைத் திருப்பித் தடித்த பக்கத்தைக் கீழே வைத்து, அந்தப் பக்கத்தையே அழுத்தி வளைக்கச் சொன்னார். விர்ர் என்ற மெல்லிய சத்தத்தோடு பிளவு மெதுவாக நடுவுக்குத் திரும்பி வந்தது. மரம் கையில் கேட்டுக் கேட்டுப் பிரிவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பிளந்த முகத்தில் விரலை ஓட்டினால் நார் தலையிலிருந்து கால்வரை அறுபடாமல் ஓடுவது தெரிகிறது. ரம்பம் இதைத் தராது.

எட்டில் இரண்டில் உள்ளே ஒளிந்திருந்த சின்னக் கணு தெரிந்தது. அவை அடுப்புக்குப் போயின. மீதி ஆறையும் கோடாலியால் 30 மி.மீ. சதுரமாகவும் 110 செ.மீ. நீளமாகவும் ஒதுக்கி, முனைகளில் மெழுகு பூசி, கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கினேன். ஒரு துண்டில் தேதியும் எடையும் எழுதி வைத்தேன்: முதல் நாள் 790 கிராம். வாரம் ஒருமுறை நிறுத்தேன். ஒன்பதாம் வாரம் 615-க்கு வந்து, அடுத்த வாரமும் அங்கேயே நின்றது. அதற்கு முன்னால் சீவியிருந்தால் கம்பு வில்லாக வளைந்திருக்கும்.

சீவியது டிராநைஃபால், இரு பக்கமும் பிடி வைத்து நம்மை நோக்கி இழுக்கும் கத்தி. பழையதாக 25 பவுண்டுக்கு வாங்கினேன். சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, கடைசியில் சின்னக் கைச்சீவுளியான ஸ்போக்‌ஷேவால் உருண்டையாக்க வேண்டும். பிடிப்பக்கம் 20 மி.மீ., நுனி 16 மி.மீ. ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் பென்சிலால் குறித்து, தடிமன் அளக்கும் காலிப்பர் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். நார் ஓரிடத்தில் லேசாக வளைந்து ஓடியது. அங்கே நேராக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, நாரோடு சேர்ந்து கத்தியையும் வளைத்தே ஓட்டினேன். அதனால் கம்பில் 4 மி.மீ. அளவுக்கு ஒரு மென்மையான வளைவு இருக்கிறது. அது இருக்கட்டும், அறுபட்ட நாரைவிட அதுவே மேல். கை பிடிக்கும் இடத்தை மட்டும் வட்டமாக விடாமல் லேசான முட்டை வடிவமாக வைத்தேன், ஆழத்தில் 22, அகலத்தில் 18. இருட்டில் பிடித்தாலும் வாளின் வெட்டுமுனை எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்குத் தெரிகிறது. உப்புத்தாளில் 120-ஆம் எண், பிறகு 240. ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே போட வேண்டும். முடிந்த கம்பு 171 கிராம். கனம் கடைக் கம்பைவிடக் குறைவு. அதைவிட எத்தனை மடங்கு உறுதி என்பது வீசினால்தான் தெரியும்.

கம்பு இவ்வளவு சீராக அமைந்ததால் கூடையும் அப்படியே வந்துவிடும் என்று எண்ணினேன்.

முதல் கூடை தோலில். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய 4 மி.மீ. மாட்டுத்தோல், 32 பவுண்டு. இந்த வகைத் தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அச்சில் அழுத்தினால், காய்ந்ததும் அந்த வடிவிலேயே நின்றுவிடும். அதோடு விட்டிருக்க வேண்டும். இன்னும் கெட்டியாகட்டும் என்று கெட்டிலில் கொதித்த நீரை அதன்மேல் ஊற்றினேன். சில நொடிகளில் தோல் கண்முன்னே சுருண்டது. 26 செ.மீ. இருந்த பக்கம் 20-க்கு வந்துவிட்டது. கையுறையோடு கை உள்ளே போகவில்லை. காய்ந்தபின் கம்புக்காகத் துளை போட்ட இடத்தில் பிஸ்கட் மாதிரி விரிசல் விட்டது. கொதிநீரில் இறுக்கிய தோலுக்குப் பழைய கவச வேலையில் இடம் உண்டு, ஆனால் சூட்டின் அளவும் நேரமும் கைவந்தவர்களின் வேலை அது. இனி ஒருமுறை தோலைத் தொட்டால் கையால் தாங்க முடிகிற சூட்டுக்குமேல் போக மாட்டேன்.

அப்புறம் பிரம்புக்கு மாறினேன். 5 மி.மீ. உருண்டைப் பிரம்பு நிற்கும் குச்சிகளுக்கு, 3 மி.மீ. குறுக்கே பின்னுவதற்கு, இரண்டும் சேர்த்து 21 பவுண்டு. ஒட்டுப்பலகையில் 6 செ.மீ. விட்டத்தில் இரண்டு வில்லைகள் வெட்டி, நடுவில் கம்புக்கு ஒரு துளை, ஒரு பக்க ஓரமாக 5 மி.மீ. துளைகள் ஒன்பது. ஒரு வில்லை கைக்கு முன்னால், ஒன்று பின்னால். ஒன்பது குச்சிகள் முன்வில்லையிலிருந்து கைமுட்டிக்கு மேலாக வில்லாக வளைந்து பின்வில்லையில் இறங்கும். அவற்றுக்குக் குறுக்கே மெல்லிய பிரம்பு மேலும் கீழுமாக ஓடும், ஓரத்தில் திரும்பி மறுபடி வரும். பலகை வில்லை பழைய கூடைகளின் வழி அல்ல, நான் செய்துகொண்ட வசதி. பிரம்பை 40 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்தேன். அரை மணிக்கும் குறைவாக ஊறியது வளைவின் உச்சியில் சிம்பு விட்டது.

சமையலறைக் கிண்ணத்தை அச்சாக வைத்து இரண்டாவது கூடையைப் பின்னினேன். கம்பின் நடுவிலிருந்து கூடையின் உட்புறம்வரை 6.5 செ.மீ. வெறுங்கைக்குக் கச்சிதம். முழுக்கவும் நெருக்கமாகப் பின்னியதில் 130 கிராம் எடை. பயிற்சியில் முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு வெளிப்பக்கத்தில் ஒரு கனமான வெட்டு வந்தது. பிரம்பு உடையவில்லை, ஆனால் ஒரு விரற்கடை உள்ளே அமுங்கி நேராக நடுவிரல் முட்டியில் இடித்தது. கையுறை போட்ட கை ஏற்கெனவே கூடையைத் தொட்டுக்கொண்டிருந்தால், கூடை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். மூன்று வாரம் அந்த விரலை முழுதாக மடக்க முடியவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் பார்ட்டன்-ரைட்டை மறுபடி எடுத்து வாசித்தேன். ஜப்பானிய ஜுஜுட்சு மல்யுத்தமும் கைத்தடி வித்தையும் சேர்த்து பார்ட்டிட்சு என்று பெயரிட்டு, லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஒரு சங்கம் நடத்தியவர். 1860-இல் பெங்களூரில் பிறந்தவர். அப்பா வில்லியம் பார்ட்டன் ரைட் மெட்ராஸ் ரயில்வேயில் எஞ்சின் பிரிவுக்குத் தலைமை வகித்த பொறியாளர். நம் பக்கத்துத் தண்டவாளங்களோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த இந்த உறவை எப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம். 1901-இல் அவர் எழுதிய கைத்தடிக் கட்டுரையின் தொடக்கமே கூடையைப் பற்றியது. வாளிலும் சிங்கிள்ஸ்டிக்கிலும் வெட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்வது கைக்கூடுதான், கைத்தடிக்கு அது கிடையாது, அதே மாதிரி தடுத்தால் அடி தடியில் வழுக்கி இறங்கி விரலை நொறுக்கும் என்கிறார். அதனால்தான் சுவிஸ் ஆசான் பியர் விக்னி, அடி கையை விட்டு விலகி வழுக்கும்படி கையை உயரே வைக்கும் தடுப்புகளை உருவாக்கினார்.

பலமுறை வாசித்த வரி அது. விரல் வீங்கியிருக்கும்போது வாசித்தால் அதில் ஒரு செய்முறைக் குறிப்பு இருப்பது தெரிந்தது. அடி எங்கேயோ விழுந்து, வழுக்கி, கூடையில் வந்து நிற்கிறது. அப்படியானால் கூடையில் எந்த இடத்தில் வந்து நிற்கிறது? நண்பரின் கம்பு முழுக்க நீலச் சாக்பீஸைத் தேய்த்தோம். அவர் மெதுவாக, பாதி வேகத்தில், நான்கு பக்கமும் மாற்றி மாற்றி 40 வெட்டு வெட்டினார். நான் ஹட்டன் சொல்கிறபடி தடுத்தேன். கூடையைக் கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்தபோது 23 நீலக் கோடுகளை எண்ண முடிந்தது. அதில் 17 முன்வில்லையிலிருந்து நான்கு விரற்கடைக்குள், பெரும்பாலும் வெளிப்பக்கம். நடுவில் ஐந்து. மணிக்கட்டுப் பக்கம் ஒன்றே ஒன்று. அந்த மணிக்கட்டுப் பக்கத்தில்தான் நான் நெருக்கி நெருக்கிப் பின்னி எடையை ஏற்றி வைத்திருந்தேன்.

உட்கார்ந்து முழுக்க அவிழ்த்தேன். குச்சிகளில் ஏழு தேறின.

மூன்றாவது கூடைக்கு அச்சு ஒரு சின்ன ரப்பர் கால்பந்து, 5 பவுண்டு. காற்றைப் பாதி இறக்கி, கம்போடு சேர்த்துக் கட்டினால் அது தட்டையாகிப் பக்கவாட்டில் விரிகிறது. கையுறை போட்ட முஷ்டியும் அதே மாதிரிதான் விரிந்திருக்கும். இம்முறை கம்பின் நடுவிலிருந்து உட்புறம்வரை 9.5 செ.மீ. கையுறைக்கும் பிரம்புக்கும் நடுவே 3 செ.மீ. வெறும் காற்று. முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குப் பிரம்பை இரட்டையாக ஓட்டி, ஒவ்வொரு வரிசையையும் மரக்கட்டையால் தட்டி நெருக்கினேன். நடுப்பகுதியில் ஒற்றைப் பிரம்பு. மணிக்கட்டுப் பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு விட்டு விட்டுப் பின்னினேன். பின்னி முடித்ததும் பந்தின் காற்றை முழுசாக இறக்கி வெளியே உருவினால் போதும், கிண்ணத்தோடு போராடியது மாதிரி எதுவுமில்லை. எடை 95 கிராம். இரண்டாவது கூடையைவிடப் பெரிது, ஆனால் 35 கிராம் குறைவு.

கூடை கம்பில் ஒட்டப்படவில்லை, செருகித்தான் நிற்கிறது. கம்பு தேயும், ஒருநாள் முறியும். கூடை நிற்க வேண்டும். முட்டை வடிவப் பிடி வில்லையின் துளையில் இறுகி உட்காருகிறது, ஆட்டத்தை நிறுத்த வீணாய்ப்போன தோலிலிருந்து வெட்டிய ஒரு மெல்லிய பட்டையை ஆப்பாகச் செருகினேன். 32 பவுண்டுத் தோலில் பயன்பட்டது அந்த இரண்டு அங்குலம்தான்.

கம்பு தனியாக இருந்தபோது அடியிலிருந்து 45 செ.மீ.இல் விரல்மேல் சமநிலையாக நின்றது. கூடை ஏறியதும் அது 31.5-க்கு இறங்கிவிட்டது. இதைக் கையில் எடுத்த முதல் வீச்சிலேயே தெரிந்துகொண்டேன். வெறும் கம்பு நுனி கனத்து இழுத்துக்கொண்டு ஓடும். கூடையோடு இருக்கும்போது நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கிறது, அடுத்த வெட்டுக்கு மணிக்கட்டிலேயே திரும்புகிறது. கூடையைக் கைக்காப்பு என்று மட்டும் நினைத்திருந்தேன். கம்பை வாளாக்குவதும் அதுதான் என்பது செய்து பார்க்காமல் தெரிந்திருக்காது.

செலவு: உருளைக் கம்பு 9, மரத்தண்டு 10, தோல் 32, பிரம்பு 21, எண்ணெய் 6, பந்து 5. மொத்தம் 83 பவுண்டு, டிராநைஃப் தனி. நேராகச் சரியான வழியில் போயிருந்தால் 42-இல் முடிந்திருக்கும்.

அடுத்ததில் மாற்றப்போவது மூன்று. ஒட்டுப்பலகை வில்லையின் விளிம்பு அடிபட்டு ஏடு ஏடாகப் பிரிய ஆரம்பித்திருக்கிறது, அதனால் வில்லையையும் பிளந்த ஆஷிலேயே வெட்ட வேண்டும், அல்லது பழைய ஆட்கள் மாதிரி பிரம்பிலேயே கழுத்து பின்னக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்பது குச்சிக்குப் பதில் பதினொன்று. முன்பக்க இடைவெளியில் நுனிக்குத்து ஒன்று நுழையப் பார்த்தது. நுனியை 15 மி.மீ.க்கு இறக்கிப் பார்க்க வேண்டும், ஆனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு அரை மி.மீ.க்கும் வளைத்துப் பார்த்துத்தான் செய்வேன். கொட்டகையில் இன்னும் ஐந்து துண்டுகள் இருக்கின்றன. நேற்று நிறுத்ததில் எல்லாம் 600-க்கும் 620-க்கும் நடுவில். நாரில் மிக நேரானதை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன், சனிக்கிழமை காலை அதைச் சீவத் தொடங்குகிறேன்.